பத்து நிறம், ஒரு கோடு

2022 மார்ச் கடைசியில் எங்கள் மூன்று பேருக்கும் மின்வெட்டு அட்டவணை மனப்பாடம். எந்தக் குழுவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும், எப்ப திரும்பி வரும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். மார்ச் 31ஆம் திகதியில் இருந்து ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் என்று அறிவித்தார்கள். எங்களில் ஒருத்தியின் வீடு ஒரு குழு, மற்றவனின் வாடகை அறை வேறு குழு. அதால ஒரு பழைய லப்டொப்பைத் துவாயால் சுற்றிச் சைக்கிள் கூடைக்குள் வைத்து, கரண்ட் இருக்கிற பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தோம். அதன் பற்றரி இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது.

அந்த லப்டொப்புக்குள்ள காபன் கருக்கள் தண்ணீரில் மோதி உடைந்துகொண்டிருந்தன. அதுதான் எங்கட இறுதி வருடப் புரொஜெக்ட்.

எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு அந்த நாட்களில்தான் மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து கதிர்ச் சிகிச்சை நடந்தது. அன்ரி அதைக் "கரண்ட் பிடிக்கிறது" என்றுதான் சொல்லுவா. கரண்டே இல்லாத நாட்டில கரண்ட் பிடிக்கப் போறன் என்று அவவே சொல்லிச் சிரிப்பா. ஒரு பின்னேரம் எங்கட திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"எனக்குப் பிடிக்கிறதும் இதுதானோ?"

"இல்லை அன்ரி. உங்களுக்கு எக்ஸ் கதிர். இது காபன். எங்கட நாட்டில இது இல்லை."

"இல்லாததை ஏன் பிள்ளையள் பாக்கிறியள்?"

உண்மையைச் சொன்னால், சேர் தந்த தலைப்புகளில் பெரிய மெசின் தேவைப்படாதது இது ஒன்றுதான். கருவை உடைக்க ஆர்முடுக்கி வேண்டும். அது எங்களிடம் இல்லை. லப்டொப் இருந்தது. அன்ரிக்கு அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்ததால், காபன் ஏன் முக்கியம் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினோம்.

எக்ஸ் கதிர் உடம்புக்குள் போகும்போது தோலுக்குக் கொஞ்சம் கீழே அதிகமாகச் சக்தியைக் கொடுக்கும். பிறகு ஆழம் கூடக் கூடக் குறைந்துகொண்டே போய் மற்றப் பக்கத்தால் வெளியேறும். புரோத்தனோ காபன் அயனோ அப்படியில்லை. ஓடும்போது கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டு போய், நிற்கப்போகிற இடத்தில் மிச்சத்தை ஒரேயடியாகக் கொட்டும். வரைபில் அது ஒரு கூரான மலைபோலத் தெரியும். 1904 அளவில் அல்பாத் துணிக்கைகளில் இதைக் கண்டவர் வில்லியம் பிராக் என்பதால் 'பிராக் உச்சி' என்று பெயர். இந்த உச்சியைக் கட்டியின் மேல் கொண்டுபோய் வைக்கலாம் என்று 1946இல் எழுதியவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபேர்ட் வில்சன். அணுகுண்டு செய்த லொஸ் அலமோஸில் வேலை செய்தவர் அவர்.

காபனை இதற்கென்று கட்டிய இடத்தில் பாவிக்கத் தொடங்கியது ஜப்பானின் சிபா நகரம், 1994இல். ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள ஜி.எஸ்.ஐ ஆராய்ச்சி நிலையத்தில் 1997 தொடக்கம் 2008 வரை கிட்டத்தட்ட 440 பேருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். கனபேருக்கு மண்டையோட்டின் அடிப்பகுதியில் கட்டி. அதற்குப் பக்கத்திலேயே மூளைத்தண்டு. அதனால் ஒரு சில மில்லிமீற்றர் விலகினாலும் பெரிய பிரச்சினை. 2009இல் ஹைடல்பேர்க்கில் ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே நிலையம் திறந்தார்கள்.

"அப்ப நல்லதுதானே. இதில என்ன சிக்கல்?" என்றா அன்ரி.

சிக்கல், காபன் உடைவதுதான்.

காபன் 12இன் கருவுக்குள் 6 புரோத்தனும் 6 நியூத்திரனும் இருக்கின்றன. அதை ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் தள்ளி விடுகிறோம். போகிற வழியில் தண்ணீரில் உள்ள ஒட்சிசன் கருவோடோ ஐதரசன் கருவோடோ மோதினால் அது சிதறும். துணிக்கை ஒவ்வொன்றுக்கும் 200 மெகா இலத்திரன்வோல்ற் என்ற கணக்கில் விட்டால், காபன் தண்ணீரில் சுமார் 8.6 சென்ரிமீற்றர் போய் நிற்கும். ஆனால் விட்டதில் ஏறத்தாழ 30 சதவீதம் அந்த இடத்துக்கு முழுக் காபனாக வந்து சேராது. 400 என்று கூட்டினால் 27 சென்ரிமீற்றர் அளவில் உச்சி வரும். அங்கே வராமல் போவது 70 சதவீதம் அளவு. இவை ஜி.எஸ்.ஐயில் தண்ணீரை வைத்து அளந்து எடுத்த தொகைகள்.

உடைந்த துண்டுகள் பெரும்பாலும் காபன் போன அதே வேகத்தில் தொடர்ந்து முன்னுக்குப் போகும். அதே வேகத்தில் போகிற அயன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது: திணிவெண்ணை ஏற்றத்தின் வர்க்கத்தால் பிரிக்கவேண்டும். காபனுக்கு 12ஐ 36ஆல் பிரித்தால் மூன்றில் ஒன்று. ஈலியத்துக்கு 4ஐ 4ஆல் பிரித்தால் ஒன்று. அதாவது ஈலியத் துண்டு காபனை விட மூன்று மடங்கு தூரம் போகும். 8.6 சென்ரிமீற்றரில் நிற்கவேண்டிய காபன் தோலுக்குக் கிட்டவே உடைந்தால், அதிலிருந்து வரும் ஈலியம் 25 சென்ரிமீற்றர் மட்டும் போகலாம். அதனால்தான் காபனின் வரைபில் உச்சிக்குப் பிறகு கோடு பூச்சியத்துக்கு விழாமல், சின்னதாக ஒரு வால் இழுபடும். அந்த வால் விழுவது கட்டிக்குப் பின்னால் இருக்கிற நல்ல உடம்பில்.

அந்த வாலைக் கணக்கிடுவதுதான் எங்கட வேலை.

இதைச் சமன்பாடு எழுதித் தீர்க்க ஏலாது. எந்தக் காபன் எந்த இடத்தில் உடையும், எத்தனை துண்டாகப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிகழ்தகவு மட்டும்தான் தெரியும். அதனால் கணினியில் தாயம் விளையாடுகிறோம். சோகியை உருட்டுகிற மாதிரி ஒவ்வொரு அடியிலும் ஒரு எழுமாற்று எண் எடுத்து, இந்த மில்லிமீற்றரில் மோதினதா இல்லையா, மோதினால் எது தெறித்தது என்று ஒவ்வொரு காபனாகக் கேட்டுக்கொண்டு போவது. ஒரு இலட்சம் காபனை விட்டுக் கூட்டிப் பார்த்தால் வரைபு வரும்.

இந்த முறைக்கு மொண்டே கார்லோ என்று பெயர். 1946இல் ஸ்தானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் நோயில் இருந்து தேறிக்கொண்டிருந்த நாட்களில் தனியாகச் சீட்டு விளையாடினாராம். ஒரு ஆட்டம் வெல்வதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க முயன்று களைத்துப்போய், நூறு தரம் விளையாடி எண்ணிப் பார்த்தால் என்ன என்று யோசித்தார். அதை நியூத்திரன்கள் பொருளுக்குள் போவதைக் கணக்கிட அவரும் ஜோன் வொன் நியூமனும் பாவித்தார்கள். உலாமின் மாமா ஒருவர் மொண்டே கார்லோவுக்குச் சூதாடப் போகக் காசு கடன் கேட்கிறவராம். அதை நினைத்துத்தான் அந்தப் பெயர்.

நாங்கள் பாவித்தது ஜியாண்ட் 4. சேர்ன் நிலையத்தைச் சுற்றிய ஆராய்ச்சியாளர்கள் 1994 அளவில் தொடங்கி 1998 டிசம்பரில் முதல் வெளியிட்ட மென்பொருள். இலவசம். யாரும் இறக்கிப் பாவிக்கலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கலாம். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது பெரிய விசயம்.

அதற்குள் ஒரு மோதல் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில், கண்மூடித் திறக்க முன்னம் என்று சொல்வதற்கும் ஏலாத அவ்வளவு குறுகிய நேரத்தில், துணிக்கைகள் ஒன்றோடொன்று இடிபட்டுச் சில தெறித்துப் போகும். மிஞ்சிய கரு சூடேறி நடுங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் கட்டம் அந்தச் சூட்டை அது எப்படி ஆற்றுகிறது என்பது. பெரிய கரு என்றால், சுடுதண்ணியில் ஆவி போகிற மாதிரி ஒவ்வொரு துணிக்கையாக விட்டு ஆறும். சின்னக் கருவுக்கு அப்படி ஆற இடமில்லை. ஏறிய சூடு கிட்டத்தட்ட அதைக் கட்டி வைத்திருக்கிற சக்தியளவுக்கு வந்துவிடுவதால், ஒரேயடியாகச் சிதறிவிடும்.

எப்படிச் சிதறும் என்பதற்கு என்ரிக்கோ ஃபேர்மி வழி சொல்லியிருக்கிறார். 1950இல் உயர் சக்தி மோதல்களில் பல துணிக்கைகள் பிறப்பதை விளக்க எழுதிய புள்ளிவிபர முறை பிறகு இதற்கும் வந்தது. காபன் 12 மூன்று ஈலியமாகப் பிரிய 7.27 மெகா இலத்திரன்வோல்ற் போதும். போரன் 11உம் ஒரு புரோத்தனும் ஆகப் பிரிய 15.96 வேண்டும். ஒரு நியூத்திரனை மட்டும் விட்டுக் காபன் 11 ஆக 18.72 வேண்டும். கையில் இருக்கிற சக்திக்குள் அடங்குகிற எல்லா வழியையும் எழுதி, எந்த வழியில் துண்டுகளுக்கு அசைய இடம் அதிகமோ அதற்கு அதிக வாய்ப்புக் கொடுத்து, திரும்பவும் சோகி உருட்டவேண்டியதுதான்.

எங்களுக்கு முதலில் வந்த வரைபு நல்ல வடிவு. உச்சி ஊசிபோலக் கூர். அதற்குப் பிறகு கோடு நேராகக் கீழே விழுந்து பூச்சியம். மூன்று பேரும் கைதட்டினோம். படம் எடுத்துச் சேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். சேர் ஒரு வரிதான் பதில் போட்டார்: "வால் எங்க?"

வால் இல்லை. ஏனென்றால் அந்தப் பட்டியலில் மின்காந்த இடைத்தாக்கத்தை மட்டும்தான் போட்டிருந்தோம். காபன் இலத்திரன்களோடு உரசி வேகம் குறைவது இருந்தது, கருவோடு மோதுவது இருக்கவில்லை. எங்கட தண்ணீருக்குள் ஒரு காபனும் உடையவில்லை. கணினி பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதற்கு அது ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தது.

பட்டியலைத் திருத்தினோம். வால் வந்தது. இனி எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். வாலில் வருகிற துண்டுகள் குறைவு என்பதால், ஒரு இலட்சம் காபன் விட்டாலும் அங்கே கோடு நடுங்கும். பத்து இலட்சம் விட்டால் அந்த நிச்சயமின்மை பத்தின் வர்க்கமூலத்தால், அதாவது மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். ஆனால் பத்து இலட்சத்தை ஒரே மூச்சில் ஓட விடுகிற அளவுக்குக் கரண்ட் இருக்கவில்லை. அதனால் ஒரு இலட்சம், ஒரு இலட்சமாகப் பத்துத் தரம். கரண்ட் வந்ததும் தொடங்குவது, மூன்று மணித்தியாலம் அளவில் முடிவது, கோப்பைச் சேமிப்பது, லப்டொப்பைத் துவாயால் சுற்றுவது, அடுத்த வீட்டுக்குச் சைக்கிள் உழக்குவது. கிட்டத்தட்ட ஒரு கிழமை. பத்தையும் கூட்டி, நிச்சயமின்மையைக் கணித்து, அறிக்கையிலும் போட்டாச்சு.

சமர்ப்பிக்க ஒரு கிழமை இருக்கும்போது, அட்டைப்படத்துக்கு வடிவாக இருக்கும் என்று பத்து ஓட்டத்தையும் பத்து நிறத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறினோம். ஒரு நிறம்தான் தெரிந்தது. கடைசியாகக் கீறிய ஊதா. முதலில் சந்தோசம்தான். பார், எவ்வளவு வடிவாகப் பொருந்துது! ஒரு அரை நிமிடம் போயிருக்கும். ஒருத்தி மெல்லமாகச் சொன்னாள், "பொருந்தக் கூடாதே."

சோகியைப் பத்துத் தரம் உருட்டினால் பத்துத் தரமும் ஒரே எண் விழாது. கோப்புகளைத் திறந்து பார்த்தோம். கடைசித் தசமம் வரைக்கும் ஒன்று. கணினி எடுக்கிற எழுமாற்று எண்கள் உண்மையில் எழுமாறானவை இல்லை. ஒரு தொடக்க எண்ணில் இருந்து வரிசையாகப் பிறக்கின்றன. அந்தத் தொடக்க எண்ணை விதை என்பார்கள். நாங்களாக மாற்றாவிட்டால் புரோகிராமைத் தொடங்குகிற ஒவ்வொரு முறையும் ஜியாண்ட் 4 அதே விதையில் இருந்துதான் தொடங்கும். கரண்ட் போய் வந்து பத்துத் தரம் தொடங்கியதில், அதே ஒரு இலட்சம் காபன் அதே இடங்களில் அதே மாதிரிப் பத்துத் தரம் உடைந்திருந்தது. பத்து இலட்சம் பேரிடம் கேட்டோம் என்று எழுதியிருந்தோம். கேட்டது ஒரு இலட்சம் பேரிடம்.

அன்று பின்னேரம் அன்ரி வீட்டு விறாந்தையில் சத்தமில்லாமல் இருந்தோம். பிறகு ஒருவன் கதைத்தான். யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. மற்ற இரண்டு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். "விடுவம். கோடு மாறாது. உச்சி அதே இடம்தான். வால் கொஞ்சம் அங்க இங்க ஆடும். பத்தையும் கூட்டினாப் பிறகு ஆர் தனித்தனியாப் பாக்கப்போகினம்?"

அதில் பிழை இல்லை. விடை பெரிதாக மாறாது. மாறப்போவது, அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்று நாங்கள் எழுதிய தொகை மட்டும்தான். அதை ஒருவரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். இன்னும் ஒரு கிழமை கரண்டுக்குப் பின்னால் ஓட எங்களில் ஒருவருக்கும் தெம்பில்லை.

அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டா. சோகியை வைத்துச் சொன்னோம். ஒரே உருட்டலைப் பத்துத் தரம் எழுதிவிட்டோம் என்று சொன்னதும் விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா:

"அங்க விடிய வெள்ளனப் போனால் வாங்கிலில இருத்தி வைப்பினம். மெசின் பாக்கினம், பொறுங்கோ எண்டு. எனக்கு ஒரே எரிச்சல். ஒரு நாள் கேட்டன் அந்தத் தம்பியை, நேற்றும் பாத்தனீங்கள்தானே, இண்டைக்கும் ஏன் எண்டு. அவன் சொன்னான், உங்களுக்குக் குடுக்க முதல் அது எவ்வளவு குடுக்குது எண்டு ஒவ்வொரு நாளும் அளந்து பாக்கோணும் அன்ரி, நேற்று சரியா இருந்தது எண்டு இண்டைக்கு விடேலாது எண்டு. அதுக்குப் பிறகு எனக்கு எரிச்சல் இல்லை."

பிறகு கேட்டா: "உங்கட இதை ஆர் அளந்து பாத்தது?"

எங்களைத் திட்டுகிற குரல் இல்லை. தெரியாமல் கேட்ட கேள்வி. அதுதான் கூட வலித்தது.

அடுத்த நாள் சேரிடம் போய்ச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. தானும் ஒருகாலத்தில் இதே பிழை விட்டதாகச் சொல்லி, பத்து நாள் கூட வாங்கித் தந்தார். விதைகளை மாற்றித் திரும்பவும் பத்து ஓட்டம். திரும்பவும் துவாய், சைக்கிள். இந்த முறை பத்து நிறமும் தெரிந்தது. உச்சிக்கு முன்னால் கோடுகள் ஒட்டிக்கொண்டு போயின. வாலில் பிரிந்து நூல் நூலாக ஆடின. முதல் வரைபை விட வடிவில்லை.

அன்ரியின் கேள்விக்குப் பதிலும் தேடினோம். எங்களால் அளக்க முடியாது. அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.ஐயில் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் கருவிகளை வைத்து, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் எத்தனை வருகிறது என்று எண்ணி வெளியிட்டிருக்கிறார்கள். எங்கட வரைபை அதன் மேல் வைத்துப் பார்த்தோம். உச்சி நன்றாகப் பொருந்தியது. உச்சிக்கு வந்து சேர்ந்த காபனின் பங்கும் கிட்ட வந்தது. ஆனால் புரோத்தனும் ஈலியமும் அகலக் கோணத்தில் தெறிக்கிற எண்ணிக்கை பொருந்தவில்லை. ஜியாண்ட் 4இல் முதல் கட்ட மோதலுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் உச்சி அசையாது, சின்னத் துண்டுகளின் தொகை மாறும். அதையும் அப்படியே எழுதினோம்: இதுவரை நம்பலாம், இதற்கு அப்பால் நம்ப முதல் அளக்கவேண்டும்.

அந்தத் தேடலில் எங்களுக்கு நன்றாகப் பிடித்துப்போன ஒரு விசயம் இருக்கிறது. காபன் 12 ஒரு நியூத்திரனை இழந்தால் காபன் 11. அது 20 நிமிட அரைவாழ்வோடு பொசித்திரன் விட்டுத் தேயும். தண்ணீரில் உள்ள ஒட்சிசன் ஒரு நியூத்திரனை இழந்தால் ஒட்சிசன் 15, அரைவாழ்வு 2 நிமிடம். டார்ம்ஸ்டாட்டில் நோயாளிக்குப் பக்கத்திலேயே பொசித்திரன் கமெராவை வைத்து, இந்தத் துண்டுகள் எங்கே மினுங்குகின்றன என்று பார்த்தார்கள். அதைச் சிமியுலேஷன் சொன்ன படத்தோடு ஒப்பிட்டு, கதிர் நினைத்த இடத்துக்குத்தான் போனதா என்று சரிபார்த்தார்கள். சிகிச்சைக்குத் தொல்லை என்று நாங்கள் நினைத்த அதே உடைவுதான் அங்கே அளவுகோல்.

அறிக்கையின் பின்னிணைப்பில் பிழையான இரண்டு வரைபையும் போட்டோம். வால் இல்லாதது ஒன்று, பத்து நிறமும் ஒரு கோடானது மற்றது. வாய்மொழிப் பரீட்சையில் கேட்ட கேள்விகளில் பாதி அந்தப் பின்னிணைப்பைப் பற்றித்தான்.

அன்ரி இப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா கிளினிக் போறா. சுகமாக இருக்கிறா. அந்த லப்டொப் செத்துப்போச்சு.

உங்களில் யாராவது இப்படி ஒரு புரொஜெக்ட் தொடங்கினால் எங்களுக்குச் சொல்ல இருப்பது மூன்றுதான். கருமோதல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கோ. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விதையை மாற்றி, என்ன விதை போட்டது என்று எழுதி வையுங்கோ. வரைபு நல்ல வடிவாக வந்த அன்றைக்கே அதே விசயத்தை எங்கேயாவது ஆராவது அளந்திருக்கிறார்களா என்று தேடுங்கோ.